மலை ஏறும் எஞ்சினின் மாதிரி

வித்துராவிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் மேலேறுகிறது. தமிழ்நாட்டிலும் ஒரு கல்லாறு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் நீலகிரி மலை இரயில், அந்தக் கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் ஏற்றத்தைத் தொடங்குகிறது. பேருந்தைப்போல் அவ்வளவு குறுகிய வளைவில் இரயில் திரும்ப இயலாது. ஆகவே, ஏறத்தாழ 12 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் சரிவில் அது ஏறுகிறது.

இத்தகைய ஏற்றத்தில் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். பெட்டிகள் கழன்று உருண்டுவிடாதிருக்க, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. குன்னூர் வரை 1899இலும் உதகை வரை 1908இலும் பாதை திறக்கப்பட்டது. 'எக்ஸ்' வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவானவை. அவை முதுமையடைந்தபின், திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையின் தொழிலாளர்கள் 2011 முதல் புதியவற்றைச் செய்தளித்தனர்.

இவ்வெஞ்சினை விளையாட்டுச் செங்கற்களால் செய்ய இயலுமா? டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958இல் காப்புரிமை பெற்ற செங்கல்லில், அடுத்தடுத்த குமிழ்களின் இடைவெளி 8 மில்லிமீட்டர். செங்கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அதன் தண்டவாள அகலம் ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர். நீலகிரிப் பாதையின் அகலமோ 1000 மில்லிமீட்டர். வகுத்தால் மாதிரியின் அளவு விகிதம் ஏறத்தாழ 1:27 என்றாகும். 162 செ.மீ. உயரமுள்ள ஓட்டுநர் மாதிரியில் 6 செ.மீ. இருப்பார். கடையில் கிடைக்கும் பொம்மை மனிதனின் உயரம் 4 செ.மீ.தான். அவனை அங்கே நிறுத்தினால் எஞ்சினை ஒரு சிறுவன் ஓட்டுவதுபோல் தோன்றும்!

சரிவை அமைப்பது எளிது. ஒரு நேர்த் தண்டவாளத் துண்டின் நீளம் 128 மில்லிமீட்டர். துண்டுக்கு ஒரு செங்கல் வீதம் உயர்த்தினால், 13.3 பங்கு நீளத்திற்கு 1 பங்கு உயரம் கிடைக்கும். இது நீலகிரிச் சரிவுக்கு மிக நெருங்கியது.

இனி மோட்டார். மோட்டாரின் அச்சில் 8 பற்களுள்ள சிறு சக்கரமும் சக்கர அச்சில் 24 பற்களுள்ள பெரிய சக்கரமும் பொருத்தினால், வேகம் மூன்றில் ஒரு பங்காகும். திருப்பு விசை ஏறத்தாழ மும்மடங்காகும். ஆயினும் விசை மட்டும் போதாது. ஞெகிழி, ஞெகிழியின்மேல் வழுக்கும். சக்கரங்களுக்கு இரப்பர் வளையம் இட்டாலும், பெட்டிகளைத் தள்ளும்போது எஞ்சின் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே இங்கும் பற்சட்டமே துணை.

இங்கேதான் மாதிரி செய்வோர் திகைப்பர். ஒரே மோட்டார் ஓட்டச் சக்கரத்தையும் பற்சக்கரத்தையும் ஒருசேரச் சுழற்றினால் இரண்டும் செல்லும் தொலைவு வேறுபடும். ஒன்று மற்றொன்றை இழுக்கும், பற்கள் நொடிக்கும். உண்மை எஞ்சினில் இச்சிக்கலுக்கு அழகிய தீர்வு உண்டு. அதில் நான்கு நீராவி உருளைகள். இரண்டு ஓட்டச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. மாதிரியிலும் இரு மோட்டார்கள் வைக்கலாம். அல்லது பற்சக்கரத்தை மட்டும் இயக்கி, ஓட்டச் சக்கரங்களைத் தாமே உருளவிடலாம். மின்கலப் பெட்டிக்கு எஞ்சினில் இடமில்லையெனில், முன்னுள்ள பயணிகள் பெட்டி அதைச் சுமக்கட்டும்.

சக்கரங்களை இணைக்கும் கோல்களைப் பொருத்துகையிலும் கவனம் வேண்டும். இடப்பக்கக் கோலும் வலப்பக்கக் கோலும் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியிருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், கோல் நேர்க்கோட்டில் வரும்போது சக்கரம் எப்பக்கம் திரும்புவது என்றறியாமல் பூட்டிக்கொள்ளும்.

பயிற்சி
1. பொம்மைத் தண்டவாளத்தின் வளைவு ஆரம் 320 மில்லிமீட்டர். 1:27 விகிதத்தில் இது உண்மையில் எத்தனை மீட்டர்?
2. இந்தியாவின் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதில் ஓடும் எஞ்சினை இதே தண்டவாளத்தில் செய்தால் அளவு விகிதம் என்ன?
3. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவது ஏன்? உம் சொற்களில் எழுதுக.