ஆயாவின் கேள்வியும் வெப்பப் பம்பும்

"கெணத்துத் தண்ணி மட்டும் வெயில்ல குளிருது, மார்கழியில வெதுவெதுங்குது, ஏன்டா?" வல்லம் வடகாலில் என் ஆயா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். விடை கூறுவது என் கடமையன்றோ!

உண்மையில் மாறுவது காற்றே, நீரன்று. சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நம் பகுதியில் அது 30 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சித்திரை வெயிலோ 40ஐத் தொடும்.

இவ்வேறுபாட்டைப் பயன்படுத்துவதே நிலத்தடி நீர் வெப்பப் பம்பு. குளிர்பதனப் பெட்டி உள்வெப்பத்தைப் பின்புறம் தள்ளுவதுபோல், இது வீட்டின் வெப்பத்தை நிலத்தடி நீரில் சேர்க்கும். குளிர்நாடுகளில் திசைமாற்றி, நீரின் வெப்பத்தை வீட்டிற்குள் கொணரும். ஓர் அலகு மின்சாரம் மூன்று, நான்கு அலகு வெப்பத்தை இடம்பெயர்க்கும். கெல்வின் 1852-இல் இக்கருத்தை வெளியிட்டார். 1948-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு பெருங்கட்டடமே இம்முறையில் இயங்கியது.

நமக்கு இது ஏற்குமா? இறைத்த நீரை மற்றோர் ஆழ்துளை வழியே மண்ணுக்கே திருப்பினால் ஏற்கும். சாக்கடையில் விட்டால் ஏற்காது. எங்கள் கிணற்றுக் கயிறு ஏற்கெனவே இருமுறை நீண்டுவிட்டது. நான் விளக்கி முடித்ததும் ஆயா கேட்டாள்: "திருப்பி வுடுறாங்களான்னு யாரு பாக்குறது?"

இவ்வினாவுக்கு விடை என் பாடநூலில் இல்லை. நண்பர்களே, அதை நாம்தான் எழுத வேண்டும்.