தவிட்டின் அருமை

நெல், கோதுமை, கம்பு முதலிய தானியங்களின் மணி ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளை உடையது. மேலே போர்த்தியிருப்பது தவிடு; உள்ளே நிறைந்திருப்பது மாவுப்பகுதி; ஓர் ஓரத்தில் சிறிதாக அமைந்திருப்பது முளை. நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் தவிட்டிலும் முளையிலுமே மிகுதி.

முற்காலத்தில் நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குற்றினர். உமி நீங்கியது, தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு தங்கியது. ஆலைகள் வந்தபின் அரிசி வெண்மையாகத் தீட்டப்பட்டது. அழகு கூடியது, சத்துக் குறைந்தது.

அதன் தீமையைக் கோழிகள் உணர்த்தின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். தவிடு நீக்காத அரிசியை உண்டபோது அவை நலம்பெற்றன. மக்களை வாட்டிய பெரிபெரி நோய்க்கும் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் எய்க்மான் நோபல் பரிசு பெற்றார்.

இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது, நீரிழிவு பெருகியுள்ளது. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு கூறுகிறது. தவிடு நீங்கிய உணவு விரைவில் செரித்து, சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இத்தகைய உணவு மிகுந்து, உடலுழைப்பும் குறைந்தால், நாளடைவில் இன்சுலினின் ஆற்றல் உடலில் குன்றுகிறது. நீரிழிவுக்கு அது வழிகோலுகிறது.

முழுத்தானியத்தின் நார்ச்சத்து செரிமான விரைவைத் தணிக்கும். ஆட்டாவும் மைதாவும் கோதுமையே. மைதாவில் தவிடும் முளையும் இல்லை. வடநாட்டார் பாஜ்ரா என்பதே தமிழில் கம்பு. ஜோவார் என்பதே சோளம். எனவே, நாம் வாழும் ஊர்ச் சந்தையிலும் நம் முன்னோர் உண்ட தானியங்கள் கிடைக்கின்றன. எனினும், முழுத்தானியத்தையும் அளவோடு, பருப்பு, கீரை, காய்கறிகளுடன் உண்பதே நலம்.

சொற்பொருள்
குற்றுதல் – உலக்கையால் இடித்தல்
தணித்தல் – குறைத்தல்
குன்றுதல் – குறைதல்

பயிற்சி
1. தானியமணியின் மூன்று பகுதிகள் யாவை?
2. எய்க்மானின் கோழிகள் எவ்வாறு நலம்பெற்றன?
3. மைதா உணவு இரத்தச் சர்க்கரையை விரைவில் உயர்த்துவது ஏன்?
4. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள தானியங்களின் பெயர்களைத் தமிழில் எழுதி, தவிடு நீங்கியவை எவை எனக் குறிப்பிடுக.