மீன் தொட்டிக்குப் பின்னணி ஒட்டப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

திருச்சி அரியமங்கலத்தில் உள்ளது போன்ற நெருக்கமான தெருக்களில், வீட்டுக்குள் மீன் தொட்டி வைக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு இடங்கள்தான். ஹாலில் டிவிக்குப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, இல்லையென்றால் ஹாலையும் சமையலறையையும் பிரிக்கும் மேடை மேல். தொட்டியை வைத்த பிறகுதான் பின்னால் தெரியும் ஒயரும், ஏர் டியூபும், சுவரின் கறையும் கண்ணை உறுத்தும். உடனே கடைக்குப் போய், பவளப்பாறை படம் போட்ட ஷீட் ஒன்றை வாங்கி வந்து ஒட்டிவிடுகிறோம்.

நமக்கு அது அலங்காரம். உள்ளே இருக்கும் மீனுக்கு அதுதான் 24 மணி நேரமும் பார்க்கும் சுவர். அதனால் அதை வாங்கும்போது மீனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மீனுக்கு எதுக்குங்க பின்னணி?

நாலு பக்கமும் கண்ணாடியாக இருக்கும் தொட்டியில் மீனுக்கு ஒதுங்க இடமில்லை. எந்தப் பக்கம் ஆள் நடந்தாலும் நிழல் தெரியும், மீன் பதறும். ஒரு பக்கத்தை மூடினாலே போதும், அந்தப் பக்கம் பாதுகாப்பானது என்று மீன் பழகிக்கொள்ளும். ஜன்னல் பக்கம் வைத்த தொட்டியில் இன்னொரு பலனும் உண்டு. பின்னாலிருந்து வரும் வெயில் குறைவதால் கண்ணாடியில் பச்சைப் பாசி படர்வதும் குறையும். ஆனால் நேர் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, ஷீட் ஒட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீங்க. திருச்சி கோடைக்கு அது தாங்காது. தொட்டியை இடம் மாற்றுவதுதான் வழி.

மீனுக்கு நிறம் தெரியுமா?

தெரியும். 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், தேனீ ஆராய்ச்சிக்காகப் பெயர் பெற்றவர். அவர் 1910-களிலேயே, மீன்களால் நிறங்களைப் பிரித்தறிய முடியும் என்று சோதனை செய்து காட்டினார். பல மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தங்கள் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். தோலில் உள்ள நிறமிச் செல்களில், கருமை தரும் துகள்கள் விரிந்து பரவினால் உடல் அடர்த்தியாகத் தெரியும்; ஓரிடத்தில் குவிந்தால் வெளிறிவிடும். வெள்ளைப் பின்னணி வைத்த தொட்டியில், கடையில் பளபளத்த மீன் வீட்டுக்கு வந்ததும் சோகையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த நிறம், எந்தப் படம்?

கறுப்பு: யாருக்கும் தப்பாகாத தேர்வு. நியான் டெட்ரா, கப்பி, ஏஞ்சல் எல்லாமே இதில் எடுப்பாகத் தெரியும். ஒயரையும் மறைக்கும்.

அடர் நீலம்: ஆழம் இருப்பது போலத் தோன்றும். கோல்டு ஃபிஷ்ஷின் ஆரஞ்சு நிறம் இதில் நன்றாகத் தெரியும்.

படம் போட்ட ஷீட்: செடி, கல், வேர் படங்கள் நன்னீர் மீனுக்குப் பொருந்தும். பவளப்பாறை கடலில் இருப்பது. கப்பிக்குப் பின்னால் அது ஒட்டாமல்தான் நிற்கும்.

பளபளப்பு ஷீட்: ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டியது இது. தன் பிம்பத்தைப் பார்த்தால் எதிரி வந்துவிட்டதாக நினைத்துச் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும். நாள் முழுக்க இப்படி நின்றால் மீன் சோர்ந்துவிடும்.

வாங்கும் முன் உங்கள் போனையே பயன்படுத்தலாம். கறுப்பு சார்ட் ஒன்று, நீல சார்ட் ஒன்று வாங்கி, செலோடேப் போட்டுப் பின்னால் மாற்றி மாற்றி நிறுத்துங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் கழித்து, போனை ஸ்டாண்டில் வைத்து இரண்டு நிமிடம் வீடியோ எடுங்க. நீங்கள் எதிரே நிற்காதபோது மீன் எப்படி நீந்துகிறது என்பது அதில் தெரியும். மூலையில் ஒடுங்கி நிற்பதும், கண்ணாடியை ஒட்டியே மேலும் கீழும் ஓடுவதும் நல்ல அறிகுறி இல்லை.

ஒட்டுவது எப்படி?

முதலில் ஒரு கணக்கு. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி நிரம்பினால் 54 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே 54 கிலோ. அப்படியே இழுத்தால் கண்ணாடி இணைப்பு விட்டுப்போகும். அதனால் மீன் விடும் முன்பே, காலித் தொட்டியில் ஒட்டுவது நல்லது.

1. பின் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடையுங்க. போர் தண்ணீரின் வெள்ளை உப்புக்கறை இருந்தால், துணியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

2. ஷீட்டை ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டுங்க.

3. ஒட்டும் பசை உள்ள வினைல் என்றால், தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஸ்ப்ரே செய்யுங்க. ஈரம் இருந்தால்தான் ஷீட்டை நகர்த்திச் சரிசெய்ய முடியும். தொட்டிக்குள் ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

4. பசை இல்லாத ஷீட் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினை மெல்லிசாகத் தடவி அதன் மேல் ஷீட்டை வையுங்க. கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் இடையில் காற்று நின்றால், வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு தெரியும், படம் தெரியாது. கிளிசரின் அந்த இடைவெளியை அடைத்துவிடும்.

5. பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்க. பிசிறை வெட்டிவிட்டு, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டுங்க. தண்ணீர் உள்ளே இறங்கினால் ஷீட் கறைபட்டுப்போகும்.

தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கா? நகர்த்தவே வேண்டாம். கெட்டியான அட்டையில் கறுப்பு சார்ட்டை ஒட்டி, தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் சொருகினால் போதும்.

பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், வெளிப்பக்கத்தில் மட்டும். காற்று இடைவெளியே இருக்காது என்பதால் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் மீன் இருக்கும் அறையில் அடிக்காதீங்க. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. பெயிண்ட் வாடையும் கொசு மருந்து ஸ்ப்ரேயும் அதே வழியில் மீனிடம் போய்ச் சேரும். காலித் தொட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அடித்து, வாடை முழுவதும் போன பிறகு உள்ளே கொண்டுவாங்க.

உள்ளே வைக்கும் பாறை மாதிரிப் பலகை

இதற்கு மூன்று விஷயங்களைக் கவனியுங்க. ஒட்ட, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான் வேண்டும். பாத்ரூமுக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகான் மீனுக்கு நஞ்சு. சிலிகான் நன்றாகக் காய்ந்து, புளித்த வாடை நின்ற பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பலகைக்குப் பின்னால் சந்து இருந்தால், சின்ன மீன் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று: மேலே சொன்ன 54 லிட்டர் தொட்டியில் 5 செ.மீ. கனமான பலகை வைத்தால் 9 லிட்டர் இடம் போய்விடும். அதற்குத் தக்கபடி மீன் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

மறைத்த ஒயரை மறந்துடாதீங்க

பின்னணி ஒட்டியதும் ஒயர் கண்ணில் படாது. அங்கேதான் ஆபத்து. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்க.

கிழித்த ஷீட் எங்கே போகும்?

வினைலும் ஃப்ளெக்ஸும் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் வெளிவரும். சுமார் 47 ஏக்கர் குப்பைக் கிடங்கின் புகையோடும் நாற்றத்தோடும் பல ஆண்டுகள் வாழ்ந்த அரியமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலைபோல் குவிந்த அந்தக் குப்பையை பயோமைனிங் முறையில் தோண்டிப் பிரிக்க வேண்டியதாயிற்று. பழைய ஷீட்டைத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, மக்காத குப்பையாகத் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. அதைவிட எளிது, மாதத்துக்கு ஒரு படம் மாற்றாமல் கறுப்பிலேயே நிற்பது. ஒருமுறை சரியாக ஒட்டினால் அது பல வருஷம் வரும். மீனும் அதற்குப் பழகிவிடும்.