படத்துக்கு வந்த நோட்டீஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்தமானில் ஹோம்ஸ்டே நடத்துபவருக்கும் படகுச் சவாரி ஏற்பாடு செய்பவருக்கும் வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்ப்பது படம்தான். ராதாநகர் கடற்கரையின் அந்தியையும் நீல் தீவின் இயற்கைப் பாலத்தையும் பார்த்துவிட்டுத்தான் மதுரையில் இருப்பவர் டிக்கெட் போடுகிறார். அந்தப் படங்களில் பல, தேடி எடுத்து அப்படியே ஒட்டப்பட்டவை. பிறகு ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வருகிறது: ‘இந்தப் படம் எங்கள் கட்சிக்காரருடையது, இத்தனை நாளுக்குள் இவ்வளவு தொகை கட்டுங்கள்.’ சிலர் அதை மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் கேட்ட தொகையை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

நம்பிக்கை: கூகுளில் கிடந்தது, யார் பெயரும் இல்லை, எனவே பொதுச்சொத்து.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஓரத்தில் பெயரோ முத்திரையோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பொதுவாக எடுத்தவரே உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எடுத்தால் முதலாளிக்கும், காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் சொன்னவருக்கும் உரிமை போகும். வேறு ஒப்பந்தம் இருந்தால் அது செல்லும். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

செல்லுலார் சிறை நாட்டின் நினைவுச்சின்னம், அதை யாரும் படம் எடுக்கலாம் என்பது சரி. ஆனால் இன்னொருவர் எடுத்த படம் அவருடையதுதான். ஹேவ்லாக் தீவின் கடலில் நீந்திய ராஜன் யானையை நினைத்துப் பாருங்கள். மரம் இழுக்கும் வேலைக்குப் பழக்கப்பட்டு, பின்னாளில் கடலில் நீந்துவதற்காகவே உலகப் புகழ்பெற்ற அந்த யானை 2016-இல் இறந்தது. அதன் கால்கள் நீருக்கடியில் துழாவும் படத்தை இனி எவராலும் எடுக்க முடியாது. கேமராவுக்கு நீர்புகா உறை வாங்கி, மூழ்கிக் காத்திருந்து எடுத்தவரின் பிழைப்பு அது. அதைக் கேட்காமல் எடுத்து விளம்பரத்தில் போடுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். சட்டம் அதற்குப் பிறகுதான்.

நம்பிக்கை: அரசாங்கம் எடுத்த படத்துக்கு உரிமை கிடையாது.

இது அமெரிக்க வழக்கத்திலிருந்து வந்த குழப்பம். பேரன் தீவு எரிமலையை நாசா விண்ணிலிருந்து எடுத்த படங்களை யாரும் பயன்படுத்தலாம். அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் உருவாக்கியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. நம் சட்டம் அப்படி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, வட சென்டினல் தீவின் கரையிலிருந்து ஒருவர் ஹெலிகாப்டரை நோக்கி வில்லை வளைக்கும் படத்தை உலகமே பார்த்தது. அது இந்தியக் கடலோரக் காவல்படை எடுத்தது. இங்கே அரசின் படைப்புக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. இந்தக் கணக்கில் அந்தப் படம் 2060-களின் நடுப்பகுதி வரை அரசுக்குச் சொந்தம். ஜாரவா மக்களின் படமென்றால் பதிப்புரிமையோடு விஷயம் முடியாது: பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் குறுக்கே நிற்கும். விலை கொடுத்து வாங்கினாலும் அப்படங்களைச் சுற்றுலா விளம்பரத்தில் போடவே கூடாது.

நம்பிக்கை: ‘நன்றி: இணையம்’ என்று போட்டால் போதும்.

போதாது. நன்றி அனுமதி ஆகாது. இலவச உரிமத்தில் கிடைக்கும் படங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் படங்கள் பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் கொடுத்தாக வேண்டும். விட்டால் உரிமம் ரத்தாகிவிடும். 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் உரிமம் திரும்பக் கிடைக்கும். பழைய 2.0 பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. இதை நம்பியே, பெயர் விடுபட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: படத்தை நீக்கிவிட்டேன், கதை முடிந்தது.

நீக்க வேண்டியதுதான், உடனே. ஆனால் நீக்கியது இனிமேலுக்குத்தான்; அதுவரை பயன்படுத்தியதற்கு மூன்று ஆண்டுகள் வரை வழக்குத் தொடுக்கலாம்.

நம்பிக்கை: கேட்ட தொகையைக் கட்டாவிட்டால் ஜெயில்.

நோட்டீஸ் ஒரு தரப்பின் கோரிக்கை. அது தீர்ப்பு இல்லை, எஃப்.ஐ.ஆரும் இல்லை. தெரிந்தே மீறுவது குற்றம்தான்: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ‘தெரிந்தே’ என்பதை நிரூபித்தாக வேண்டும். தொகையும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்தால் 1,50,000 டாலர் வரையும் சட்டமே எண் சொல்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஓர் அட்டவணை இல்லை. இழப்பு எவ்வளவு என்று கேட்பவர்தான் காட்ட வேண்டும். கடிதத்தில் இருப்பது பேரத்தின் முதல் விலை.

கேட்பவருக்கே உரிமை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரல் ஹைஸ்மித் தன் படங்களை அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்கு, பொதுமக்களுக்காக, இலவசமாகக் கொடுத்தவர். பட விற்பனை நிறுவனமான அலமியின் சார்பில் அவருடைய அமைப்புக்கே, அவர் எடுத்த படத்துக்கே, 120 டாலர் கேட்டுக் கடிதம் வந்தது. 2016-இல் அவர் வழக்குப் போட்டார். உரிமையைப் பொதுவில் விட்டுவிட்டதால் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கைகள் நிற்கவில்லை என்பது வேறு கதை. உரிமை யாரிடம் என்று பார்க்காமலே கடிதம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் மிரட்டுபவருக்கு எதிராக நீதிமன்றம் போகவும் வழி வைத்திருக்கிறது.

ஆகவே நோட்டீஸ் வந்தால் படத்தை நீக்குங்கள். பயன்படுத்திய நாட்களின் விவரத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவரிடம் மூலக் கோப்பு, எடுத்தவரின் பெயர், அவர் சார்பில் பேச எழுத்து அதிகாரம், அந்தப் படத்தை வழக்கமாக என்ன விலைக்கு விற்கிறார் என்ற ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். நிஜமான உரிமையாளர் தயங்காமல் தருவார். தந்துவிட்டால் இழுத்தடிக்காதீர்கள். அந்த வழக்கமான விலையைச் சுற்றிப் பேசி முடியுங்கள். ‘இந்தத் தொகையோடு இந்தப் படத்தின் கடந்தகாலப் பயன்பாடு குறித்த எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்று எழுத்தில் வாங்குங்கள். தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் அதற்கான உரிமத்தையும் அதே தாளில் கேளுங்கள். தொகை பெரிதென்றால் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தகுதி இருந்தால் அங்குள்ள சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச உதவியும் கேட்கலாம். கையெழுத்து வந்த பிறகே பணம் அனுப்புங்கள்.