ஐப்பசி மழைக்கு முன்னால் தேன்பெட்டியைத் தயார் செய்வோம்

பனி கொட்டுகிற நாடுகளில் குளிருக்காகத் தேன்பெட்டியைத் தயார் செய்வார்கள். நம்ம காரமடைப் பக்கம் தேனீக்குப் பஞ்சகாலம் வடகிழக்குப் பருவமழைதான். நாலு நாள் சேர்ந்தாப்புல மழை பிடிச்சா தேனீ வெளியே போக முடியாது. பூவில் இருக்கிற மதுவும் கழுவிப் போயிரும். இந்தியத் தேனீ பட்டினி தாங்காது. பெட்டியைக் காலி பண்ணிட்டுக் கூட்டமாகப் பறந்துவிடும்.

தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே நியூட்டன் பெட்டிகள் வைத்திருக்கிறேன். புரட்டாசிக் கடைசியில், வெயில் அடிக்கிற நாளில் நான் செய்கிற வேலைகள் இவை.

1. சேமிப்பு: தேன் அறையில் எடுப்பது நமக்கு, புழு அறையில் இருப்பது அதுகளுக்கு. மழைக்கு முன்னால் கடைசிச் சொட்டு வரை பிழியாதீங்க.

2. இடத்தைக் குறைத்தல்: காலியான தேன் அறையை எடுத்துவிடுங்க. புழு அறையின் 7 சட்டங்களில் தேனீ மூடாத பழைய கறுத்த அடைகளையும் எடுத்துருங்க. மெழுகு அந்துப்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். இடம் சுருங்கினால் புழுவுக்கு வேண்டிய 35 டிகிரி சூட்டைத் தேனீக்கள் சுலபமாகக் காக்கும்.

3. ஈரம்: பெட்டி முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், உள்ளே தண்ணீர் தேங்காது. மூடிக்கு மேல் ஓலையோ தகரமோ போடலாம். பாலித்தீன் சுற்றி மூச்சை அடைக்காதீங்க.

4. எறும்பு: தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்க. மழைக்கு வளர்ந்த புல் பெட்டியைத் தொட்டால் அதுவே எறும்புக்குப் பாலமாயிரும்.

5. உணவு: சேமிப்பு குறைந்தால் மட்டும் வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு காய்ச்சி, ஆறவைத்து, அந்தி நேரத்தில் கொட்டாங்குச்சியில் பெட்டிக்குள் வைக்கணும். முங்கிச் சாகாமல் இருக்க நாலு குச்சி போடுங்க. வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளைக்கு வரும்.

இயற்கை விவசாயிகள் பலரும், "நாட்டுச்சர்க்கரை ஊத்தலாமே?" என்று கேட்கிறாங்க. நமக்கு நல்லது தேனீக்கு நல்லதல்ல. மழையில் அடைந்து கிடக்கிற தேனீக்கு அது வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். எங்கிருந்து வந்ததுன்னு தெரியாத தேனையும் ஊற்றாதீங்க. நோய் கூடவே வரும். 1991-92 வாக்கில் தாய்லாந்து பைப்புழு நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது.

சர்க்கரை அவசரத்துக்குத்தான். ஆடியிலேயே வரப்போரம் துவரை விதைத்து, தானாக முளைக்கிற தும்பையையும் பிடுங்காமல் விட்டால், மழை விட்டதும் தேனீ போய் உட்காரப் பூ இருக்கும்.