கோடைப் பந்தாட்டமும் கல்லூரித் தரவரிசையும்

அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கரையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், முழங்கையை மடக்கிக் கடலுக்குள் நீட்டியது போன்ற ஒரு நிலப்பகுதி உண்டு. கேப் காட் என்பது அதன் பெயர். கோடைக்காலத்தில் கடற்காற்று வாங்க வருவோரால் அங்குள்ள சிற்றூர்கள் நிறைந்துவிடும். அவர்களோடு வேறொரு கூட்டமும் வந்து சேரும். நாட்டின் நாற்புறக் கல்லூரிகளிலிருந்தும் பேஸ்பால் ஆடும் மாணவர்கள் ஜூன் மாத நடுவில் வந்து இறங்குவர். உள்ளூர்க் குடும்பங்கள் அவர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே இடங்கொடுத்து உணவும் அளிக்கும். ஆடுவதற்குக் கூலி கிடையாது. மாலையானதும் ஊர்மக்கள் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவர். பார்ப்பதற்குச் சீட்டும் கிடையாது. பத்து ஊர்களுக்குப் பத்துக் குழுக்கள். குழு ஒன்றுக்கு ஏறத்தாழ 40 ஆட்டங்கள். ஆகஸ்டுத் தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். மாணவர்கள் மூட்டை கட்டிவிடுவர்.

நம் சங்க மலரில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நம் விடுதியில் பேஸ்பாலை நேரில் கண்டவர் இருவர் கூடத் தேறமாட்டார். நானும் கண்டவனல்லன். ஆயினும், முதுகலை வகுப்பில் எங்கள் புள்ளியியல் ஆசிரியர் இந்தக் கோடை ஆட்டங்களின் அட்டவணை ஒன்றைக் கொடுத்து, "இம்மாணவர்களின் ஆட்டத்தைக் கொண்டு இவர்களை அனுப்பிய கல்லூரிகளை வரிசைப்படுத்துக" என்றார். ஒரே இரவில் முடித்துவிட்டேன். எளிய கணக்கு என்று எண்ணினேன். நான் இடறி விழுந்த இடம் எது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய வரிசை வீண் பொழுதுபோக்கு அன்று. பதினேழு வயதுப் பையன் ஒருவன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தால் தன் ஆட்டம் வளரும் என்று தேடுகிறான். தந்தை உதவிப் பணம் கிடைக்குமா என்று பார்க்கிறார். அவர்கள் கையில் ஒரு பட்டியல் கிடைத்தால், அதில் நான்காம் இடத்துக்கும் பதினெட்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பெரிதாகவே கருதுவர். வரிசை எண் ஒன்றைக் கண்டுவிட்டால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பவர் சிலரே.

கல்லூரிகள் தமக்குள் இளவேனிற்காலத்தில் ஆடும் ஆட்டங்களின் கணக்கு இருக்கிறதே, அது போதாதா எனின், போதாது. அங்கே முதற்பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 கல்லூரிகள் பேஸ்பால் ஆடுகின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் தன் கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிகளோடே மோதுகிறது. எளிய எதிரியிடம் அடித்துக் குவித்த எண்ணும், வலிய எதிரியிடம் போராடிப் பெற்ற எண்ணும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். கேப் காட்டிலோ எல்லாக் கல்லூரி மாணவரும் அதே மைதானங்களில், அதே பந்தெறிவோரை எதிர்த்து நிற்கின்றனர். பள்ளிதோறும் வெவ்வேறு வினாத்தாள் கொடுத்து வந்தபின், எல்லாரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தி ஒரே வினாத்தாள் கொடுப்பது போன்றது இது.

மற்றொரு வேற்றுமையும் உண்டு; பௌதிகம் படிப்போர் இதனை விரும்புவர். 1974 முதல் கல்லூரி ஆட்டங்களில் அலுமினிய மட்டைக்கு இடங்கொடுத்தனர். கேப் காட்டில் 1985 முதல் மரமட்டைதான். மரமட்டையில் பந்து மோதும்போது பந்துதான் நசுங்குகிறது. நசுங்கி விரிகையில் அதன் ஆற்றலில் பெரும் பகுதி வெப்பமாக வீணாகிறது. அலுமினிய மட்டை உள்ளே வெற்றிடமுள்ள குழாய். அதன் மெல்லிய சுவர் சற்று உள்வாங்கி, வில்லைப்போல் திரும்பி எழுந்து பந்தைத் தள்ளுகிறது. பந்து அவ்வளவாக நசுங்குவதில்லை, ஆற்றல் மிச்சமாகிறது. மேலும், கைப்பிடிக்கு அருகே பந்து பட்டால் மரமட்டை முறிந்துபோகும்; அலுமினியத்தில் அதே அடி பந்தைப் புல்வெளிக்கு அனுப்பிவிடும். இந்த ஏற்றத்தைக் குறைப்பதற்காகவே 2011-இல் கல்லூரி மட்டைகளுக்குக் கடுமையான வரம்பு வகுத்தனர். அப்படியும் மரம் மரமே. தொழில்முறை ஆட்டம் முழுவதும் மரமட்டையில் நடப்பதால், மாணவனின் உண்மைத் திறன் கோடையில்தான் தெரியும் என்று குழுக்களின் தேர்வாளர்கள் கேப் காட்டுக்கு ஓடி வருகின்றனர்.

ஆகவே கோடைக் கணக்கு நல்ல கணக்குத்தான். அதைக் கையாளும் முறையில்தான் இடர் இருக்கிறது.

கிரிக்கெட்டில் சராசரி என்றால், எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்போம். பேஸ்பாலில் அவ்வாறன்று. மட்டை பிடித்து நின்ற முறைகளில் எத்தனை முறை பழுதில்லாமல் அடித்து முதல் தளத்தையோ அதற்கு அப்பாலோ அடைந்தான் என்பதே சராசரி. நூறு முறையில் முப்பது அடி எனின் 0.300, ஆயிரத்துக்கு 300 என்று சொல்லலாம். இக்கட்டுரையில் ஆயிரத்துக்கு இத்தனை என்றே எழுதுகிறேன்.

நான் செய்தது இதுதான். ஒரு கல்லூரி மாணவர் அனைவரின் அடிகளையும் கூட்டி, அவர்கள் நின்ற முறைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, பெரியதிலிருந்து சிறியதுவரை அடுக்கினேன். மறுவாரம் ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்தபோது, ஓரத்தில் சிவப்பு மையால் "எத்தனை முறை?" என்று மட்டும் எழுதியிருந்தார். அப்போதுதான் பட்டியலை மறுபடி பார்த்தேன். தலையில் நின்ற கல்லூரிகள் பலவும் ஒரே மாணவனை அனுப்பியவை. சரி, சிறிய கல்லூரிகள்தாம் சிறந்தவை போலும் என்று எண்ணிக் கீழே பார்த்தால், கடைசியில் நின்றவையும் ஒரே மாணவனை அனுப்பியவையே! பத்துப் பேரை அனுப்பிய பெரிய கல்லூரிகள் எல்லாம் நடுவில் அடைந்து கிடந்தன.

காரணம் நாம் இளங்கலையிலேயே படித்ததுதான். உண்மையில் ஆயிரத்துக்கு 270 அடிக்கும் ஆற்றல் உள்ள ஒருவன் கோடையில் 120 முறை நிற்கிறான் என்க. 0.27-ஐ 0.73-ஆல் பெருக்கி, 120-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.0405 வரும். அஃதாவது அவனுடைய சராசரியின் திட்டப்பிழை ஏறத்தாழ 40. மூன்றில் இரண்டு கோடைகளில் அவன் எண் 230-க்கும் 310-க்கும் இடையில் விழும். மற்றொரு கோடையில் அதற்கும் வெளியே போய்விடும். 310 எனின் புகழ். 230 எனின் வீட்டுக்குக் கடிதம் எழுதக் கூசுவான். ஆள் ஒருவனே, ஆற்றலும் ஒன்றே. ஐந்து பேர் சேர்ந்து 600 முறை நின்றால் இந்தப் பிழை 18 ஆகச் சுருங்குகிறது. ஆதலின் சிறிய எண்ணிக்கை உள்ள கல்லூரி, நல்லூழால் உச்சிக்கோ தீயூழால் அடிக்கோ தூக்கி எறியப்படுகிறது.

சிலர் இதற்கு மாற்றாகச் சராசரியை விட்டு மொத்த அடிகளை எண்ணுவர். அப்போது எந்தக் கல்லூரி அதிகம் பேரை அனுப்பியதோ அது முதலிடம் பெறும். அந்த வரிசைக்கு ஆட்டம் பார்க்கவே வேண்டியதில்லை. பயணச் சீட்டுகளை எண்ணினால் போதும்.

இங்கே ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல வேண்டும். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்து மாணவர் தர்மன் மன்சன் 1967-ஆம் ஆண்டுக் கோடையில் கேப் காட்டின் சாத்தம் ஊர்க் குழுவில் ஆடி, ஆயிரத்துக்கு 420 அடித்தார். இன்றும் அங்கே கோடைதோறும் சராசரியில் முதல்வராக வருபவர் பெறும் பரிசு அவர் பெயரால் வழங்குகிறது. 1968-இல் நியூயார்க் யாங்கீஸ் குழு அவரைத் தேர்ந்துகொண்டது. 1970-இல் பெரும் ஆட்டத்தில் முழுப் பருவம் ஆடத் தொடங்கியபோது, முதல் 45 முறைகளில் அவர் அடித்தவை எட்டே எட்டு. ஆயிரத்துக்கு 178! கேப் காட்டின் பெருவீரர் கதை முடிந்தது என்று எவரேனும் எழுதியிருந்தால் வியப்பில்லை. ஆனால் பருவத்தின் மீதிப் பகுதியில் அவர் 316 அடித்தார். பருவம் முழுவதற்கும் 302. அவ்வாண்டின் சிறந்த புதுவீரர் என்ற பட்டமும் பெற்றார்.

இதே 45 முறைகளைத்தான் பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்னும் இரு புள்ளியியல் அறிஞர்கள் 1975-இலும் 1977-இலும் தம் கட்டுரைகளில் எடுத்துக்கொண்டனர். 1970-ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் சரியாக 45 முறை நின்றிருந்த 18 வீரர்களை அவர்கள் ஒன்றாக வைத்தனர். அப்பதினெண்மரின் பொதுச் சராசரி 265. ஒவ்வொரு வீரரின் எண்ணும் இந்த நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட வேண்டும் என்று கணக்குச் சொன்னது. சார்லஸ் ஸ்டீன் 1956-இல் தொடங்கி, 1961-இல் ஜேம்ஸ் என்பாரோடு சேர்ந்து வளர்த்த முறை இது. அதன்படி மன்சனின் 178 என்பது 247 ஆகிறது. உண்மையில் அவர் பின்னர் அடித்தது 316. வெறும் சராசரியின் பிழை 138. திருத்திய எண்ணின் பிழை 69. சரிபாதி! பதினெண்மரையும் சேர்த்துப் பார்த்தால், பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறைந்தது.

அதே பட்டியலின் தலையில் நின்றவர் ராபர்ட்டோ கிளமென்ட்டி. அவர் 45-இல் 18 அடித்து 400 வைத்திருந்தார். கணக்கு அவரை 294-க்கு இறக்கியது; அவரோ மீதிப் பருவத்தில் 346 அடித்தார். வெறும் சராசரியின் பிழை 54, திருத்தியதன் பிழை 52. இங்கே கணக்குக்குப் பெரிய வெற்றி இல்லை. கிளமென்ட்டி பதினைந்து ஆண்டுகளாகப் பெரும் ஆட்டக்காரர் என்பது ஊரறிந்த செய்தி. கணக்குக்கோ 45 முறைகளுக்கு முந்தைய எதுவும் தெரியாது. இதனை ஏன் எழுதுகிறேன் எனின், கோடைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு இளவேனிற் கணக்கை முழுதும் எறிந்துவிடுவோர்க்கும் இதே குறை நேரும்.

இனிக் கல்லூரிகளுக்கு வருவோம். கற்பனையாக இரண்டு எடுத்துக்கொள்வோம். முதற்கல்லூரி ஒருவனை அனுப்பியது, அவன் 120 முறையில் 40 அடித்தான், 333. இரண்டாவது ஆறு பேரை அனுப்பியது, 720 முறையில் 209 அடி, 290. கோடை ஆட்டத்தின் பொதுச் சராசரி 250 என்க. இப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் பொதுச் சராசரியில் அடித்த 300 முறைகளை, அஃதாவது 75 அடிகளை, இனாமாகச் சேர்த்துவிடுக. முதற்கல்லூரிக்கு 420-இல் 115 அடி, 274. இரண்டாவதற்கு 1020-இல் 284, 278. வரிசை தலைகீழாகிவிட்டது.

300 எங்கிருந்து வந்தது? மனம்போனபடி எடுத்ததன்று. கல்லூரிகளின் உண்மையான தரம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பொறுத்தது அது. உண்மைத் தரத்தின் திட்டவிலக்கம் 25 எனின், 0.25-ஐ 0.75-ஆல் பெருக்கி 0.025-இன் வர்க்கத்தால் வகுக்க, 300 கிடைக்கும். கல்லூரிகள் மிக வேறுபட்டால் இந்த இனாம் குறையும். எல்லாம் ஏறக்குறைய ஒன்றே எனின் கூடும். அந்த விலக்கத்தையும் அட்டவணையிலிருந்தே கணிக்கலாம்: எண்களில் காணும் மொத்தப் பரவலிலிருந்து ஊழால் வரும் பரவலைக் கழித்தால் மிஞ்சுவதே அது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆறு பேர் நின்ற 720 முறைகள், கல்லூரியைப் பற்றி 720 சாட்சிகள் அல்ல, ஆறு சாட்சிகளே. ஒருவன் பிறவித் திறமையாளனாய் இருக்கலாம். அவன் எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் அடித்திருப்பான். ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப் பாக்வெல் 1987, 1988 கோடைகளில் கேப் காட்டுக்கு வந்தார்; பின்னர் 2017-இல் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் ஒருவரால் ஹார்ட்ஃபோர்டைப் பெரும் பேஸ்பால் கல்லூரி என்று எவரும் சொன்னதில்லை. எனவே ஒரே மாணவனை அனுப்பிய கல்லூரியை, நான் மேலே காட்டியதைவிட இன்னும் வலிவாகவே நடுவை நோக்கி இழுக்க வேண்டும்.

கணக்கால் தீராத சிக்கல்களும் உண்டு. கோடைக்கு வராதவர் யார் என்று பாருங்கள். இளவேனிலில் மிகுதியாகப் பந்தெறிந்து தோள் களைத்தவர்களைக் கல்லூரியே ஓய்வெடுக்கச் சொல்கிறது. அவர்கள் பெரும்பாலும் அதன் மிகச் சிறந்த பந்தெறிவோர். ஜூன் மாதத்தில் ஒமாகா நகரில் நடக்கும் கல்லூரி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர்கள் தாமதமாக வருகின்றனர். தொழில்முறைக் குழுக்களின் தேர்வு 2021 முதல் ஜூலைக்கு மாறியதால், தேர்வு பெற்றவர் நடுவிலேயே போய்விடுவதுண்டு. ஆக, எந்தக் கல்லூரி மிக நன்றாக ஆடியதோ, அதுவே கோடையில் தன் சிறந்தவர்களை இழந்து நிற்கக்கூடும். மேலும் 2021 முதல் மாணவர் ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் ஒரு கல்லூரியின் பெயரில் அடித்தவன் இளவேனிலில் வேறு கல்லூரியில் நிற்கிறான். அவன் அடித்த அடிகள் யாருக்கு உரியவை? பயிற்றுவித்த பெருமையை அளக்க வேண்டுமாயின் பழைய கல்லூரிக்கு. வரும் ஆண்டு யார் வெல்வார் என்று கணிக்க வேண்டுமாயின் புதியதற்கு. இரண்டு நோக்கத்துக்கும் ஒரே பட்டியல் போட்டு விற்பது நேர்மையன்று என்பது என் கருத்து.

மறுபடி உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். இம்முறை ஓர் இரவு போதவில்லை; ஒன்பது நாள் ஆயிற்று. ஒவ்வொரு கல்லூரியின் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் பிழையையும் எழுதியபோது, அடுத்தடுத்து நின்ற கல்லூரிகளைப் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிடக் கை வரவில்லை. மேல், நடு, கீழ் என மூன்று குவியலாகக் கட்டி, நடுக்குவியலில் பெரும்பாலானவற்றைப் போட்டு, ஒருவனை மட்டும் அனுப்பிய கல்லூரிகளின் பெயருக்கு எதிரே புள்ளி வைத்து ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் மெல்லப் படித்தார். சிவப்பு மைப் பேனாவைத் தொடவில்லை. "மட்டையாளர்கள் சரி, பந்தெறிவோர் எங்கே?" என்று கேட்டார்.

பந்தெறிவோனுக்கு வெற்றி தோல்வி எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. பின்னால் நிற்கும் எட்டுப் பேரும் அதில் பங்காளிகள். அவன் தானே வீழ்த்தியவர்களையும், அடிக்க வாய்ப்பே கொடாமல் முதல் தளத்துக்கு நடக்கவிட்டவர்களையும் எண்ண வேண்டும். அந்த அட்டவணை இப்போது என் மேசைமேல் கிடக்கிறது.