மின்னஞ்சல் நிறுவனம் மாறலாம், முகவரி மாற வேண்டாம்

பிராட்பேண்ட் இணைப்பை மாற்றியபோது, பழைய நிறுவனம் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரியும் கையைவிட்டுப் போயிற்று. மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் முதல் பிள்ளையின் ஃபீஸ் ரசீது வரை எல்லாம் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் இடமாக மாற்றி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. இணைய இணைப்பு தருபவர், அலுவலகம், கல்லூரி கொடுக்கும் முகவரியை வங்கிக்கோ வருமான வரிக் கணக்குக்கோ கொடுக்காதீர்கள்.

2. நிலையான முகவரிக்கு நல்ல வழி, சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குவது. 'டாட் இன்' பெயரை ஒரே சமயத்தில் 10 ஆண்டுகள் வரைகூடப் பதியலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையை நம்பாமல், புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரு பெயர் வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் அதிலேயே முகவரி போட்டுக்கொள்ளலாம்.

அந்த டொமைனின் அமைப்பில் 'எம்.எக்ஸ்.' என்ற பதிவு இருக்கும். உங்களுக்கு வரும் மெயிலை எந்த நிறுவனத்தின் சர்வரில் சேர்ப்பது என்று சொல்வது அதுதான். இன்று ஜோஹோ, நாளை புரோட்டான் என்று நீங்கள் மாறும்போது முக்கியமாக மாற்ற வேண்டியது அதைத்தான். ஊருக்குத் தெரிந்த முகவரி அப்படியே இருக்கும். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை பழைய கணக்கிலும் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த டொமைனை ஏற்கும் சேவை பெரும்பாலும் கட்டணச் சேவைதான். நிலையான முகவரிக்காக அந்தச் செலவைச் செய்யலாம் என்பேன்.

3. பெயரை முடிவு செய்யுமுன் போனில் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'கயல்விழி' என்றால் 'ழி'க்கு ஒருவர் இசட்-ஹெச்-ஐ போடுவார், இன்னொருவர் எல்-ஐ போடுவார். ழகரமும் இரட்டை எழுத்தும் இல்லாத சின்னப் பெயர் நல்லது. அண்டர்ஸ்கோர் வேண்டவே வேண்டாம்.

4. பழைய மெயில்கள் தாமாக வந்து சேரா. தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இரண்டு கணக்கையும் 'ஐமேப்' முறையில் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுக்கலாம். தொடர்பு எண்களைத் தனியாக எடுக்க மறக்காதீர்கள்.

5. பழைய முகவரிக்கு ஃபார்வர்டிங் போட்டு, குறைந்தது ஓராண்டு விட்டுவையுங்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் நினைவூட்டல் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், அதனால்தான் ஓராண்டு என்கிறேன். எங்கிருந்து மெயில் வருகிறதோ, அந்த இடத்தை ஒரு நோட்டில் குறித்து, அங்கே முகவரியை மாற்றியதும் அடித்துவிடுங்கள். அவ்வப்போது பழைய கணக்கின் உள்ளே போய் வருவதும் அவசியம்: 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கிவருகிறது.

6. டொமைன் விற்ற நிறுவனத்திடம் நீங்கள் கொடுக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அதை மீட்பதற்கான மெயிலும் உங்களுக்கு வராது. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால், உங்கள் பாஸ்வேர்டை மாற்றும் மெயில்கள்கூட அவர் கைக்குப் போகும். ஆகவே தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டு, அதற்குக் கொடுத்த கார்டு செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். டொமைன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதை எல்.ஐ.சி. பத்திரங்கள் இருக்கும் ஃபைலிலேயே எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லுங்கள்.